விளக்கு வாங்கும் முன் அது எரியும் நேரத்தை எண்ணுங்கள்: பீடி சுற்றும் சகோதரிகளின் சுய உதவிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

முக்கூடல், பாப்பாக்குடி, ஆழ்வார்குறிச்சி, கடையம், ஆலங்குளம் சுற்றுவட்டாரத்தில் பீடி சுற்றும் சகோதரிகள் நடத்திவரும் சுய உதவிக் குழுக்களின் தலைவிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் என் வணக்கம்.

நான் உங்கள் பகுதியில் 30 ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டு வயரிங் வேலை பார்ப்பவன். உங்களில் பலருடைய வீட்டுத் தார்சாவில் ஹோல்டர் மாட்டியதும், அடுக்களைச் சுவரில் சுவிட்ச் போர்டு வைத்ததும் இந்தக் கைதான். அண்மைக் காலமாக நான் எந்தத் தெருவில் ஏணியைச் சாய்த்தாலும், "அண்ணாச்சி, எல்இடி பல்புக்குப் போடுகிற காசு திரும்பி வருமா?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். சில குழுக்கள் சேமிப்பிலிருந்து பணம் எடுத்தோ, உள்கடன் கொடுத்தோ உறுப்பினர் வீடுகளில் உள்ள எல்லா விளக்குகளையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்று பேசி வருவதாகவும், வேனில் கொண்டுவந்து விற்கும் வியாபாரி ஒருவர் பல்பு ஒன்றை 30 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லியிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். ஏணியில் நின்றுகொண்டு இரண்டு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய பதில் இதற்கு இல்லை. உங்கள் குழுப் பணம் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலியிலிருந்து ஒதுக்கிச் சேர்த்த பணம் என்பதால், முழுக் கணக்கையும் எழுதியே கொடுத்துவிடுவது நல்லது என்று எனக்குப் பட்டது.

எல்இடி விளக்கு அதன் விலைக்குத் தகுந்த பொருள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எந்த வீட்டில், எந்த ஹோல்டரில், நாள் ஒன்றுக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்தக் காசு திரும்பும். சில இடங்களில் மூன்று மாதத்தில் திரும்பும், சில இடங்களில் மூன்று ஆண்டு ஆனாலும் திரும்பாது.

நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பதால், கணக்கை 60 நாளுக்கே போட்டுக் காட்டுகிறேன். ஒரு 60 வாட் குண்டு பல்பு மாலையில் 5 மணி நேரம் எரிந்தால் 60 நாளில் 18 யூனிட் ஆகும். ஏறத்தாழ அதே வெளிச்சத்தை, சொல்லப்போனால் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தரும் 9 வாட் எல்இடி பல்பு அதே 60 நாளில் 3 யூனிட்டுக்கும் குறைவாகவே எடுக்கும். மிச்சம் 15 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 75 ரூபாய். நல்ல பல்பு 100 ரூபாய் என்றாலும் மூன்று மாதம் முடிவதற்குள் முதல் திரும்பிவிடும். அதே குண்டு பல்பு குளியலறையில் நாள் ஒன்றுக்கு 20 நிமிடம் மட்டும் எரிகிறது என்றால், 60 நாளில் மிச்சமாவது ஒரே ஒரு யூனிட். 100 ரூபாய் திரும்பி வர மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். அந்தக் குண்டு பல்பு எரிந்து தீரும்வரை அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

டியூப்லைட் வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு. பழைய 40 வாட் டியூப், கனமான சோக்கும் ஸ்டார்ட்டரும் சேர்த்து 50 வாட் வரை இழுக்கும். சோக் சூடாவதே அந்த 10 வாட் போகும் வழி. அதற்குப் பதிலாக 20 வாட் எல்இடி பட்டை விளக்கு மாட்டினால், நாளுக்கு 5 மணி நேரக் கணக்கில் 60 நாளுக்கு 9 யூனிட் மிச்சம். விளக்கு 250 ரூபாய் என்றால் ஓர் ஆண்டுக்குள் முதல் திரும்பும், கருதத்தக்க லாபம்தான். ஆனால் எலெக்ட்ரானிக் சோக் வைத்த மெல்லிய 28 வாட் டியூப் உங்கள் பட்டாசலில் (கூடத்தில்) நன்றாக எரிந்துகொண்டிருந்தால், மிச்சம் 3 யூனிட்டுக்கு மேல் போகாது. 14 வாட் சிஎஃப்எல் எரியும் இடத்தில் மிச்சம் ஒன்றரை யூனிட்தான். நல்ல நிலையில் எரியும் சிஎஃப்எல் விளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு எல்இடி மாட்டச் சொல்லும் எவரும் உங்கள் பணத்தை எண்ணிப் பார்க்காமல் பேசுகிறார் என்றே நான் சொல்வேன்.

இனி, யாரும் உங்களிடம் எடுத்துச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்ற ஏற்பாடு 2016-இல் வந்தது. இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு டிவி என்று இருக்கும் சிறு வீடுகள் பல அந்த 100 யூனிட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. அப்படிப்பட்ட வீட்டில் 90 யூனிட் ஓடிக்கொண்டிருந்தது, எல்இடி மாட்டியபின் 75 யூனிட்டாகக் குறைந்தது என்றால், கையில் மிச்சமாகும் காசு எதுவும் இல்லை. முன்பும் கட்டணம் இல்லை, இப்போதும் இல்லை. குறைந்த 15 யூனிட்டை அடுத்த கணக்குக்கு யாரும் எடுத்து வைப்பதும் இல்லை. அந்த வீட்டுக்காரம்மாவிடம் "மின்கட்டணம் பாதியாகக் குறையும்" என்று சொல்லிப் பல்பு விற்பது நேர்மையான வியாபாரம் ஆகாது. அதே வேளையில் 110, 120 என்று எல்லையைத் தாண்டித் தாண்டி நிற்கும் வீடுகளுக்கு இந்த 15 யூனிட் பெரிய காரியம். அவர்களைக் கோட்டுக்கு உள்ளேயோ கோட்டின் அருகேயோ இழுத்துக் கொண்டுவந்துவிடும். ஆகவே பல்பு வாங்கும் முன் ஒவ்வொரு உறுப்பினரும் தம் மின் அட்டையில் கடைசி மூன்று ரீடிங்கைப் பார்த்துக் குழுக் கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். யாருக்கு முதலில் மாற்ற வேண்டும் என்பதை அந்த எண்களே சொல்லிவிடும்.

எல்லையைத் தாண்டும் வீடுகளில் நான் போய்ப் பார்த்தபோது, பல இடங்களில் குற்றவாளி யாரும் சந்தேகப்படாத ஒரு சின்ன விளக்காக இருந்தது. சாமி படத்துக்கு முன் இரவும் பகலும் எரியும் சிவப்பு பல்பையும், படுக்கும் இடத்தில் விடிய விடிய எரியும் பச்சை பல்பையும் "ஜீரோ வாட்ஸ்" என்று கடையில் கேட்டு வாங்குகிறோம். பெயர்தான் ஜீரோ. இழை சூடாகி எரியும் அந்தப் பழைய பல்பு உண்மையில் ஏறத்தாழ 15 வாட் எடுக்கும். இரவு 10 மணி நேரம் எரிந்தால் 60 நாளில் 9 யூனிட். சாமி படத்துக்கு முன் 24 மணி நேரமும் எரிந்தால் 21 யூனிட்டுக்கு மேல். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கை அந்தச் சிவப்பு பல்பு ஒன்றே குடித்துவிடுகிறது. அரை வாட் எல்இடி இரவு விளக்கு 60 நாளும் அணையாமல் எரிந்தாலும் ஒரு யூனிட்டைத் தொடாது. விலையும் மிகக் குறைவு. உங்கள் குழு ஒரே ஒரு விளக்கைத்தான் மாற்ற முடியும் என்று இருந்தால், இந்த விளக்கை மாற்றுங்கள்.

அடுத்ததாக, காசுக் கணக்கில் வராத, ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிற ஒன்று உண்டு. அது நீங்கள் பீடி சுற்றச் சுளகை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் இடத்து வெளிச்சம்.

என் அம்மாவும் பீடி சுற்றியவர். கரண்டு செலவாகிவிடுமே என்ற அச்சத்தில் எங்கள் வீட்டுத் தார்சாவில் 25 வாட் பல்பு ஒன்றுதான் எரியும். பகலில் வீட்டு வேலையும் வயல் வேலையும் முடித்துவிட்டு, இலையை நனைத்து வெட்டி, இரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான் பாதிப் பீடியைச் சுற்றுவார். இலையில் ஓட்டை இருக்கிறதா, நரம்பு தடித்திருக்கிறதா என்று கண்ணுக்கு மிக அருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். அப்படிப் பார்த்தும், மறுநாள் பீடிக் கடையில் தரம் பார்க்கும் செக்கர் ஒரு கை பீடியைக் கழித்துப் போட்டுவிடுவார். அந்தக் கழிவுக்கு வெளிச்சமும் ஒரு காரணம் என்பது எனக்கு இந்தத் தொழிலுக்கு வந்தபிறகுதான் புரிந்தது. 100 யூனிட்டுக்குள் அடங்கும் வீட்டுக்கு எல்இடி எதற்கு என்று கேட்டால் நான் சொல்லும் பதில் இதுதான்: 25 வாட் கரண்டுச் செலவுக்கு அஞ்சிய இடத்தில், 12 வாட் செலவில், அந்தப் பழைய பல்பைப் போல ஐந்து மடங்குக்குக் குறையாத வெளிச்சத்தில் உட்கார்ந்து சுற்றலாம்.

இதில் வோல்டேஜும் சேர்கிறது. டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசிப் போஸ்ட்டில் இருக்கும் தெருக்களில் மாலை ஏழு மணிக்கு மேல் 180 வோல்ட்டுக்கு இறங்கிவிடுவது நீங்கள் அறிந்ததே. 230 வோல்ட்டுக்குச் செய்த குண்டு பல்பு 180 வோல்ட்டில் பாதி வெளிச்சம்கூடத் தராது; வோல்டேஜ் குறைவதைவிட வெளிச்சம் பல மடங்கு வேகமாகக் குறையும். பழைய சோக் வைத்த டியூப்லைட் விட்டுவிட்டுத் துடிக்குமே தவிரப் பற்றாது. உள்ளே ஒழுங்கான டிரைவர், அதாவது கரண்டைச் சீராக்கிக் கொடுக்கும் சின்னச் சர்க்யூட், வைத்த எல்இடி பல்போ 180 வோல்ட்டிலும் 240 வோல்ட்டிலும் ஒரே மாதிரி எரியும். கடைசிப் போஸ்ட்டுக்காரர்களுக்கு இந்த ஒரு குணத்துக்காகவே எல்இடி வாங்கலாம்.

கூடவே செலவில்லாத ஒரு வேலையையும் சொல்கிறேன். உத்திரத்தில் மாட்டிய விளக்குக்கும் உங்கள் மடிக்கும் இடையே 8 அடி இருக்கிறது என்றால், அதை வயரில் தொங்கவிட்டு 4 அடிக்கு இறக்குங்கள். தூரம் பாதியானால் மடியில் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும். கண்ணில் நேரே அடிக்காதபடி மேலே ஒரு தகரத் தொப்பி மாட்டி, நல்ல ஹோல்டரும் காப்புறை கிழியாத புது வயரும் போட்டு இறக்க வேண்டும். பழைய வயரை ஒட்டுப்போட்டுத் தொங்கவிடாதீர்கள், பிள்ளைகள் நடமாடும் இடம்.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். சிவப்பு, பச்சை எல்இடிகள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டன. பளிச்சென்று எரியும் நீலம்தான் வராமல் இழுத்தது. அதைச் செய்து காட்டிய இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் வீட்டில் எரியும் வெள்ளை எல்இடி, உள்ளே நீல ஒளியாகப் பிறந்து, மேலே பூசிய மஞ்சள் பூச்சின் வழியாக வெளியேறுவதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. பூச்சில் காசை மிச்சம் பிடித்த பல்புகளில் நீலம் தூக்கலாகவும் சிவப்பு குறைவாகவும் இருக்கும். அந்த வெளிச்சத்தில் பழுப்பு இலையும் தூளும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். அட்டைப் பெட்டியில் 6500 கே என்று போட்டிருந்தால் நீலம் கலந்த வெள்ளை, 4000 கே என்றால் நடுத்தரம், 2700 கே என்றால் குண்டு பல்பின் மஞ்சள். சுற்றும் இடத்துக்கு 4000 கே உள்ள பல்பையே நான் மாட்டச் சொல்வேன். கடைகளில் 6500 கே தான் குவிந்து கிடக்கும். குழுவாகக் கேட்டால் மற்றதையும் வரவழைத்துத் தருவார்கள்.

இப்போது அந்த 30 ரூபாய் பல்புக்கு வருகிறேன்.

என் அக்கா தெருவில் வந்த ஒருவரிடம் அப்படிப்பட்ட பல்பு ஆறு வாங்கினார். தீபாவளிக்கு மாட்டியது, பொங்கலுக்குள் நான்கு அணைந்துவிட்டன. விற்றவர் மீண்டும் அந்தத் தெருவுக்கு வரவில்லை. அணைந்தவற்றை நான் வீட்டில் பிரித்துப் பார்த்தேன். வெளிச்சம் தரும் மணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாலை போல இருக்கும். ஒரு மணி கருகினால் மாலை முழுவதும் அணையும். இரண்டில் அப்படி ஒரு மணி கருகியிருந்தது. மற்ற இரண்டில் மணிகள் நன்றாகவே இருந்தன, டிரைவரில் உள்ள கண்டன்சர் உப்பிப் போயிருந்தது. எல்இடி பல்பு சாவது பெரும்பாலும் இந்த இரண்டு வழியில்தான், இரண்டுக்கும் வேர் சூடு. அந்தக் கண்டன்சர் இருக்கும் இடத்தில் 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. நல்ல பல்பின் கழுத்துக்குள் அலுமினியம் இருக்கும், அது சூட்டை வெளியே இழுத்துத் தள்ளும். என் அக்கா வாங்கியதில் வெறும் பிளாஸ்டிக்தான் இருந்தது. சித்திரை வெயிலில் ஓட்டுக்கு அடியில் எரிகிற பல்புக்கு அது போதாது.

அட்டைப் பெட்டியில் 25,000 மணி நேரம் என்று அச்சடித்திருப்பதை நம்பி 13 ஆண்டு எரியும் என்று கணக்குப் போடாதீர்கள். அந்த எண் பெரும்பாலும், வெளிச்சம் பத்தில் ஏழு பங்காகக் குறையும் வரையிலான காலத்தைக் குறிப்பது; டிரைவர் அதுவரை உயிரோடு இருக்கும் என்று அது சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் வரும் மின்பாய்ச்சலும், காற்றில் நியூட்ரல் கம்பி அறுந்தால் வீட்டுக்குள் பாயும் 400 வோல்ட்டும் அந்த எண்ணில் சேராதவை. ஆகவே 30 ரூபாய் பல்பு மூன்று மாதம் எரிந்தால், ஆண்டுக்கு 120 ரூபாய் செலவு. மூன்று ஆண்டு உத்தரவாதத்துடன் வரும் 100 ரூபாய் பல்புக்கு ஆண்டுக்கு 33 ரூபாய்தான். விலை மலிவு என்ற பேச்சு இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

நல்ல பல்பை அடையாளம் காண்பது கடினம் இல்லை. பெட்டியிலோ பல்பின் கழுத்திலோ ஐஎஸ் 16102 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். மின்சிக்கனத்துக்கான நட்சத்திர முத்திரை இருக்க வேண்டும். வாட்டை மட்டும் பார்க்காமல் லூமன் என்று போட்டிருக்கும் வெளிச்ச அளவைப் பாருங்கள்: 60 வாட் குண்டு பல்பு 700 லூமன் அளவில் தரும், நல்ல 9 வாட் எல்இடி 800-க்கு மேல் தர வேண்டும். கையில் எடுத்தால் சற்றுக் கனம் தெரியும். எரியவிட்டு, செல்போன் கேமராவை அதன் முன் காட்டிப் பாருங்கள்; திரையில் கருப்புப் பட்டைகள் அழுத்தமாக ஓடினால் அந்த வெளிச்சம் நொடிக்கு 100 முறை துடிக்கிறது என்று பொருள். கண் அதை அறியாது, ஆனால் நான்கு மணி நேரம் சுற்றியபின் தலைவலியாக அறியும். அப்படிப்பட்டதை வேலை செய்யும் இடத்தில் மாட்டவே கூடாது.

மொத்தமாக வாங்கும் உங்கள் யோசனையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். மொத்தக் கொள்முதலால் என்ன நடக்கும் என்பதற்கு நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. வீடுகளுக்கு மலிவாக எல்இடி பல்பு கொடுக்கும் மத்திய அரசின் உஜாலா திட்டத்துக்காக இஇஎஸ்எல் என்ற பொதுத்துறை நிறுவனம் எல்இடி பல்புகளைக் கோடிக்கணக்கில் டெண்டர் விட்டு வாங்கியபோது, 2014-இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. அப்படி இறங்கியபோதும், பழுதானால் மூன்று ஆண்டுக்குள் மாற்றித் தர வேண்டும் என்ற நிபந்தனையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. நம் குழுக்கள் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் அதுதான். பத்துக் குழு சேர்ந்து இருநூறு பல்பு கேட்டால், அம்பாசமுத்திரத்திலோ தென்காசியிலோ நிலையாகக் கடை வைத்திருக்கும் எவரும் விலையைக் குறைத்துத் தருவார். நீங்கள் விலையில் ஐந்து ரூபாய் குறைக்கப் பேசுவதைவிட, பில்லில் தேதியும் உத்தரவாதக் காலமும் எழுதி வாங்குவதற்கும், பழுதான பல்புகளை மாதம் ஒருமுறை ஒரே பையில் போட்டுக் கொடுத்து மாற்றி வாங்குவதற்கும் பேசுங்கள். ஒருவராகப் போனால் பில்லைத் தேடச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். குழுவாகப் போனால் அனுப்ப முடியாது.

கழற்றும் விளக்குகளைப் பற்றியும் ஒரு சொல். டியூப்லைட்டிலும் சிஎஃப்எல்லிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடைத்து எருக்குழியில் போட்டால் அது எருவோடு வயலுக்குப் போகும். உடையாமல் அட்டைப் பெட்டியில் வைத்து, மின்னணுக் கழிவாகவே ஒப்படையுங்கள். தவறி உடைந்துவிட்டால் கதவு சன்னலைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளைக் கால் மணி நேரம் வெளியே நிறுத்துங்கள். விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள்.

ஆகவே உங்கள் அடுத்த குழுக் கூட்டத்தில் இதை முடிவு செய்யுமாறு வேண்டுகிறேன். எல்லா விளக்குக்கும் என்று கடன் வாங்காதீர்கள். இரவு பகலாக எரியும் ஜீரோ வாட்ஸ் விளக்கையும், பீடி சுற்றும் இடத்து விளக்கையும் முதலில் மாற்றுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு வீட்டுக்கு 150 ரூபாயைத் தாண்டாது, சேமிப்பிலிருந்தே முடியும். பழைய சோக் வைத்த டியூப்லைட்டை அடுத்த தவணையில் பார்க்கலாம். மற்றவை ஃபியூஸ் ஆகும்போது ஒவ்வொன்றாக மாறட்டும். அந்த 30 ரூபாய் பல்பில் ஒன்றை மட்டும் வாங்கி என்னிடம் கொடுங்கள். அதையும் கடைப் பல்பு ஒன்றையும் உங்கள் கண் முன்னே பிரித்துக் காட்டுகிறேன். மூன்று குழுக்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அழைத்தால், உங்கள் ஊருக்கே வந்து, விளக்கை எவ்வளவு இறக்க வேண்டும் என்று வீடு வீடாக அளந்து சொல்லவும் அணியமாக இருக்கிறேன். அளப்பதற்கும் இறக்குவதற்கும் கூலி வேண்டாம். வயரும் ஹோல்டரும் மட்டும் நீங்கள் வாங்கி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வட்டாரத்து வயரிங் தொழிலாளி